வேட்டைக்காரன் வள்ளல் அல்ல

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் கதை ஒன்று உண்டு. ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் ஒரு மானுடவியலாளர் மரத்தடியில் கூடை நிறையப் பழம் வைக்கிறார். முதலில் ஓடித் தொடும் பிள்ளைக்கே கூடை என்கிறார். பிள்ளைகள் கைகோத்து ஒன்றாக ஓடி, வட்டமாக உட்கார்ந்து தின்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ‘உபுண்டு’ என்கிறார்கள். ஆய்வாளருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஆண்டு கிடையாது. அந்தச் சொல் வழங்கும் மக்களோ மாடு வளர்த்துப் பயிர் செய்பவர்கள், வேட்டையாடிகள் அல்ல. ஆனாலும் கதையை அனுப்புகிறவர்கள் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: காட்டு மனிதன் பிறவியிலேயே பகிர்கிறவன், பேராசை நாகரிகம் கொடுத்த நோய். மேடையில் பேசும்போது இதற்கு ‘ஆதிப் பொதுவுடைமை’ என்று பெயர்.

வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்கிறவர்கள் தாராளமாகப் பகிர்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது உள்ளத்தின் இயல்பிலிருந்து தானாகச் சுரக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் ‘பிறவிக் குணம்’ என்ற வாதம். பெயர், ஊர், ஆண்டு எல்லாம் உள்ள ஆய்வு 2013இல் வெளிவந்தது. மத்திய ஆப்பிரிக்காவின் அகா, ஆஸ்திரேலியாவின் மார்ட்டு உட்பட ஆறு சமூகங்களின் பிள்ளைகளிடம் ஒரு தேர்வு வைத்தார்கள்: தனக்கு இரண்டு, அடுத்தவருக்கு ஒன்றுமில்லை, அல்லது ஆளுக்கு ஒன்று. சின்னஞ்சிறுசுகள் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். வயது ஏற ஏற, விட்டுக்கொடுப்பது எல்லா இடத்திலும் முதலில் குறைந்தது. ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு சமூகத்துப் பிள்ளையும் தன் ஊர்ப் பெரியவர்களைப் போல நடக்கத் தொடங்கியது. அதாவது, பழகிக்கொண்டது.

பழக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறார்கள். கலஹாரிப் பாலைவனத்தின் ஜுஹோன்சி மக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர் பாலி வீஸ்னர். அங்கே குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே பாட்டி அது அணிந்திருக்கும் மணிகளை அறுத்தெடுத்து, கழுவி, அதன் உள்ளங்கையிலேயே வைத்து, ஓர் உறவினருக்குக் கொடுக்கச் செய்கிறாள். ஊறி வருகிற குணத்துக்கு இத்தனை சீக்கிரம் பாடம் எதற்கு?

பெரியவர்களிடமும் அது ஒட்டிக்கொண்ட குணமாக இல்லை. தான்சானியாவின் எயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹாட்சா மக்களிடம் தேன் அடைத்த குழல்களைக் கொடுத்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். தானே வைத்துக்கொள்ளலாம், பொதுவிலும் போடலாம். பொதுவில் விழுந்தது மும்மடங்காகி எல்லாருக்கும் பிரியும். 2018இல் வெளியான முடிவு இது: ஒருவர் எவ்வளவு போடுவார் என்பதை, முன்பு அவர் எவ்வளவு போட்டார் என்பது சொல்லவில்லை, இப்போது எந்த முகாமில், யாரோடு இருக்கிறார் என்பதுதான் சொன்னது. தாராளம் ஆளோடு பயணம் போகவில்லை.

அடுத்தது, ‘வேட்டைக்காரன் மனமுவந்து கொடுக்கிறான்’ என்பது. கொடுக்கிற உரிமையே பல இடங்களில் அவனிடம் இல்லை. ஜுஹோன்சி வழக்கப்படி இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பு, விலங்கை முதலில் தைத்த அம்பின் சொந்தக்காரருக்கு. எய்தவர் வேறு, அம்புக்காரர் வேறாக இருப்பது சகஜம். அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். வில்லையே தொடாத ஒரு கிழவரோ பெண்ணோ பங்கு பிரிக்க உட்காரலாம். குறி தப்பாதவன் கையில் அதிகாரம் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு இது.

ஏற்பாடு அதோடு நிற்பதில்லை. 1960களில் ஜுஹோன்சி மக்களோடு இருந்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ, கிறிஸ்துமஸ் விருந்துக்காகத் தேடிப் பிடித்து ஒரு கொழுத்த காளையை வாங்கினார். பார்த்தவர்கள் எல்லாம் எலும்பும் தோலுமான கிழட்டு மாடு, இதை வைத்துக்கொண்டு விருந்தா, சண்டைதான் வரும் என்று நாள்கணக்கில் அவரை வறுத்தெடுத்தார்கள். மனிதர் நொந்துபோனார். வெட்டினால் கொழுப்பு அடை அடையாக இருந்தது. அப்போதும் குறைசொல்லிக்கொண்டே, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தின்றார்கள். பிறகு விசாரித்தபோதுதான் விளங்கியது. நிறைய இறைச்சி கொண்டுவரும் இளைஞன் தன்னைத் தலைவனாக நினைக்கத் தொடங்குவான், மற்றவர்களை வேலையாட்களாகப் பார்ப்பான், அந்தச் செருக்கு ஒருநாள் உயிரைக் குடிக்கும். ஆகவே அவன் கொண்டுவந்தது எதுவானாலும் மட்டம் தட்டுவது என்று வைத்திருக்கிறார்கள். செருக்கு வரும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படி ஒரு மருந்தைக் கையிலேயே வைத்திருப்பார்கள். பேராசையே அறியாத மக்களுக்கு இது தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, கேட்பது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரைப் பற்றி நிக்கலஸ் பீட்டர்சன் 1993இல் எழுதிய கட்டுரை இதை விரித்துச் சொல்கிறது. அங்கே பகிர்வு பெரும்பாலும் கேட்டு வாங்கப்படுகிறது. கண்ணில் பட்டதைக் கேட்கலாம், இருக்கும்போது இல்லை என்று சொல்வது கஷ்டம். அதனால்தான் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியமும் உண்டு.

‘எல்லாவற்றையும் எல்லாரும் சமமாக’ என்பதும் சரியல்ல. பெரிய விலங்கு முகாம் முழுக்கப் போகும்; கிழங்கும் பழமும் அப்படிப் போவதில்லை. ஹாட்சா ஆண்கள் தேன் கிடைத்தால் அங்கேயே ஒரு பங்கைத் தின்றுவிட்டுத்தான் வருவார்கள். பெரிய விலங்கின் சிறுநீரகம், இதயம் முதலிய சில பாகங்கள் ‘எபெமெ’ என்று வயதுவந்த ஆண்களுக்கு மட்டும். மறைவில் போய்த் தின்பார்கள்; பெண்களும் பிள்ளைகளும் பார்க்கவும் கூடாது. சமத்துவத்துக்கு உதாரணமாக எல்லாரும் காட்டும் மக்கள் இவர்கள்!

இதையெல்லாம் கேட்டதும் சிலர் மறுபக்கம் தாவுவார்கள்: ‘அப்படியானால் எல்லாம் மொய்க் கணக்கு, இன்று நான் வைத்தேன், நாளை நீ வை.’ அதுவும் பாதிதான். ஹாட்சா வேட்டைக்காரருக்குப் பெரிய விலங்கு கிடைப்பது 100 நாளில் சுமார் 3 நாள் என்று கணக்கிட்டார்கள். ஒருவர் வெறுங்கையோடு வரும் நாளில் இன்னொருவர் கறி காப்பாற்றும் என்பது உண்மையே. ஆனால் கெட்டிக்கார வேட்டைக்காரர் ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், சோம்பேறி வாங்கிக்கொண்டே இருக்கிறார். யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

‘வேட்டைச் சமூகம் எல்லாம் ஒன்றுதான்’ என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் சால்மன் மீனைப் பதப்படுத்திச் சேமித்த மக்கள் உழவு அறியாதவர்கள். ஆனால் அவர்களிடம் பிரபுக்களும் அடிமைகளும் இருந்தார்கள். நம் மேற்கு மலைகளின் பளியரைப் பற்றி எழுதிய பீட்டர் கார்ட்னரோ, அவர்கள் போட்டியை வெறுக்கும் அளவுக்குக் கூட்டு முயற்சியையும் தவிர்க்கிறார்கள் என்கிறார். ஒவ்வொருவரும் தன் காலில் நிற்பதே அங்கு மரியாதை.

கடைசியாக, ‘நாகரிகம் வந்து மனத்தைக் கெடுத்தது’ என்பது. டோபே பகுதி ஜுஹோன்சி முகாம்களின் அமைப்பை வரைந்துவந்த தொல்லியலாளர் ஜான் யெல்லன் ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்தார். முன்பு குடிசைகள் நெருங்கி, வட்டமாக, ஒன்றையொன்று பார்த்து நிற்கும். அடுப்பு வாசலில் இருக்கும். என்ன வேகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆடுமாடும் காசும் வந்து ஓரிடத்தில் தங்கத் தொடங்கியதும், 1970களின் நடுவில் குடிசைகள் விலகின, அடுப்பு உள்ளே போனது, பொருள்கள் பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டிக்குள் போயின. இதைப் பார்த்துவிட்டு மனம் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்கள் பராகுவேயின் ஆச்சே மக்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். குடியிருப்பில் வீடு கட்டி வாழும்போது அவர்கள் சில குடும்பங்களோடு மட்டும் உணவைப் பகிர்கிறார்கள். அதே ஆட்கள் காட்டுக்குள் வேட்டைப் பயணம் போனால், கிடைத்த இறைச்சியைக் கூட்டம் முழுக்கப் பிரிக்கிறார்கள். திரும்பி வந்ததும் மறுபடி சில குடும்பங்கள் மட்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருமுறை மனம் திருந்தி, ஒருமுறை கெடுகிறதா என்ன?