ஸ்பேனர் பிடித்தால் வாரண்டி போய்விடுமா?

“புது வண்டியில கை வைக்காதப்பா, வாரண்டி போயிடும்.” வண்டி டெலிவரி எடுக்கும் நாளில் ஷோரூமில் ஒருவர் சொல்வார், சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். இதை நம்பி, செயின் காய்ந்து சத்தம் போட்டாலும் அடுத்த சர்வீஸ் வரட்டும் என்று ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். இது தவறான நம்பிக்கை. வாரண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து வண்டியைக் கெடுக்கிறோம்.

நம் நாட்டில் பைக் கம்பெனிகள் வாரண்டிக்கு வைக்கும் முக்கிய நிபந்தனை, குறித்த கிலோமீட்டர் அல்லது குறித்த நாள், எது முதலில் வருகிறதோ அப்போது அங்கீகாரம் பெற்ற சென்டரில் சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது. ஃப்ரீ சர்வீஸுக்கும் இது பொருந்தும், காசு கொடுத்துச் செய்வதற்கும் பொருந்தும். ஒரு கூப்பனைத் தவறவிட்டால்கூட வம்புதான். ஆனால் இரண்டு சர்வீஸுக்கு நடுவில் வண்டியைப் பார்த்துக்கொள்வது வேறு விஷயம். வண்டியோடு வந்த மேனுவலைப் பிரித்துப் பாருங்கள். டயர் காற்று, இன்ஜின் ஆயில் அளவு, பிரேக், கிளட்ச் ப்ளே, செயின் தொய்வு, லைட்டுகள் எல்லாவற்றையும் ஓட்டுபவரே பார்க்க வேண்டும் என்று கம்பெனியே எழுதியிருக்கும். அவர்கள் செய்யச் சொன்னதைச் செய்ததற்காக வாரண்டியை எப்படி மறுப்பார்கள்? சரியாகப் பராமரிக்காததால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. சும்மா இருப்பவருக்கே ஆபத்து அதிகம்.

“எல்லாத்தையும் சர்வீஸ்ல பாத்துக்குவாங்க” என்பது அடுத்த வாதம். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அடுத்தது பல மாடல்களில் சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளித்தான். செயினுக்கோ ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் வேண்டும், மழையில் ஓட்டினால் அதற்கும் முன்பே. நடுவில் யார் போடுவது?

புது செயின்தான் சீக்கிரம் தொய்யும். அதனால் ஆரம்ப மாதங்களில்தான் அதைக் கவனிக்க வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் என்றிருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் உண்டு. முழுக் கவர் போட்ட செயின் என்றால், கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் பார்க்கலாம். துடைத்துவிட்டு 90 கியர் ஆயிலோ செயின் லூபோ போட்டால் போதும். ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகவே ஆகாது, ரப்பர் வளையம் போய்விடும். டைட் வைக்கும்போது ஸ்விங் ஆர்மின் இரு பக்கக் கோடுகளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் அடிபடும். அந்தச் சேதத்தை வாரண்டியில் கேட்கவும் முடியாது, அது நியாயம்தான். கை பழகும்வரை அளந்து மட்டும் பாருங்கள், இறுக்குவதை சென்டரில் கொடுங்கள்.

“நட்டுல பெயின்ட் கோடு இருக்கு, கழட்டினா கண்டுபிடிச்சிடுவாங்க” என்றும் சொல்வார்கள். அந்தக் கோடு, நட் சரியாக முறுக்கப்பட்டதற்கு இடும் அடையாளம், அரக்கு முத்திரை அல்ல. செயின் டைட் வைத்தால் ஆக்சில் நட் நகரத்தான் செய்யும்.

அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம், “ஆயிலையும் நாமே மாத்தலாம், பில் இருந்தா போதும்” என்கிறது. இதையும் நான் ஏற்கவில்லை. அது அமெரிக்கக் கதை. 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் அங்கே அந்த உரிமையைத் தருகிறது. வெளியில் ரிப்பேர் செய்தால் வாரண்டி போகும் என்று எழுதியதற்காக ஹார்லி-டேவிட்சன் மீதே 2022இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இங்கே 2014இல் இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்று 14 கார் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. ஆனால் அது கார் வழக்கு, அப்பீலுக்கும் போனது. அதை நம்பி பைக் கூப்பனைத் தூக்கிப் போடாதீர்கள். ஃப்ரீ சர்வீஸில் லேபர்தான் இலவசம், ஆயிலுக்குக் காசு உண்டு. அதைக் கொடுத்து, ஜாப் கார்டையும் பில்லையும் பத்திரப்படுத்துவதே புத்திசாலித்தனம்.

உண்மையில் வாரண்டியைச் சிக்கலில் மாட்டுபவை வேறு: கூடுதல் ஹாரனுக்கும் லைட்டுக்கும் வயரை வெட்டுவது, சைலன்சரை மாற்றுவது, வெளியில் இன்ஜினைப் பிரிப்பது, தவறான ஆயில் ஊற்றுவது. கியர் பைக்கில் பெரும்பாலும் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகலாம். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் “நீங்க கை வெச்சிட்டீங்க, வாரண்டி கிடையாது” என்று சொன்னால், எந்த பாகம், எந்த நிபந்தனைப்படி என்று ஜாப் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.