டாரத்தி அம்மையாரைக் குறித்து ஒரே வாக்கியம்



வில்லியம் கேரியைக் குறித்துப் பிரசங்கத்தில் கேளாதவர்கள் நம்மில் அநேகமாய் ஒருவரும் இல்லை. செருப்புத் தைத்த கைகள் வேதாகமத்தை மொழிபெயர்த்த வரலாறு மிஷனெரிக் கூட்டங்களிலும் வாலிபர் முகாம்களிலும் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பிரசங்கங்களில் அவருடைய மனைவி எவ்வளவு நேரம் வருகிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே ஒரு வாக்கியம். மனைவி ஊழியத்துக்கு ஒத்துழைக்கவில்லை, பிற்காலத்தில் புத்தி பேதலித்தாள், ஆயினும் கேரி சோர்ந்துபோகவில்லை. அவ்வளவுதான். பிரசங்கியார் அடுத்த குறிப்புக்குக் கடந்து செல்வார்; சபை அல்லேலூயா சொல்லும். நான் வேதாகமக் கல்லூரியில் மிஷன் சரித்திரம் படித்த காலத்திலும் பாடப்புத்தகத்தில் அதற்குமேல் இருந்ததாக நினைவில்லை.

இந்த மாதம் அந்த ஒரு வாக்கியத்தண்டையில் சற்றுத் தரித்து நிற்போம்.

டாரத்தி பிளாக்கெட், கேரியைவிட ஏறக்குறைய ஐந்து வயது மூத்தவர். 1781ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் பிடிங்டன் என்னும் சிற்றூரில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. மணமகனுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. மணமகளுக்குக் கையெழுத்திடத் தெரியாது. ஆலயப் பதிவேட்டில் ஒரு சிலுவைக் குறியைப் போட்டார். கடல் தாண்டிய தேசங்களைப் பற்றி அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். அவர் மணந்தது ஒரு செருப்புத் தொழிலாளியை, மிஷனெரியை அல்ல. வறுமையின் நடுவே இரண்டு பெண்பிள்ளைகளை இங்கிலாந்திலேயே அடக்கம்பண்ணினார்.

1792ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி நாட்டிங்காமில் கேரி ஏசாயா 54ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தார். அக்டோபர் 2ஆம் தேதி கெட்டரிங் நகரில் பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கம் உருவாயிற்று. அடுத்த ஜனவரியில், வங்காளத்தில் ஏற்கெனவே இருந்து திரும்பிய மருத்துவர் ஜான் தாமஸோடு கேரி புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட வேளையில் டாரத்தி கர்ப்பவதி. அவர் வர மறுத்தார். சங்கத்தாரோ பின்வாங்கவில்லை. எட்டு வயதான மூத்த மகன் பீலிக்ஸை மாத்திரம் அழைத்துக்கொண்டு கேரி புறப்பட ஆயத்தமானார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத்துக்குச் சில மாதங்களே இருக்கும் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர், வைத்தியம் இன்னதென்று தெரியாத தேசத்துக்கு ஐந்து மாதக் கப்பல் பயணம் போக மறுத்தால், அதை அவிசுவாசம் என்று நான் எழுதமாட்டேன். உங்கள் மகள் அந்த நிலையில் இருந்தால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள்?

கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனெரிகளை விரும்பாத காலம் அது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏறிய கப்பலிலிருந்து கேரியும் தாமஸும் இறக்கிவிடப்பட்டார்கள். இந்தத் தாமதத்தில் மே மாதம் யாபேஸ் பிறந்துவிட்டான். இருவரும் மறுபடியும் டாரத்தியின் வீட்டுக்குச் சென்றார்கள். அவர் மறுபடியும் மறுத்தார். பாதிவழி சென்ற தாமஸ் திரும்பிவந்து, இப்போது வராவிட்டால் குடும்பம் என்றென்றைக்கும் சிதறிப்போகும், ஜீவனுள்ள நாளெல்லாம் இதற்காக வருந்துவாய் என்று அச்சமுண்டாகப் பேசினார். தங்கை கேத்தரினும் உடன்வந்தால் வருகிறேன் என்று டாரத்தி இணங்கினார். 1793ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி ஒரு டேனிஷ் கப்பலில் அனைவரும் புறப்பட்டார்கள். கைக்குழந்தைக்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை.

நவம்பரில் கல்கத்தாவை அடைந்தார்கள். வந்த சில வாரங்களில் கைப்பணம் கரைந்தது. ஓர் இடத்திலும் நிலைக்க முடியாமல் குடும்பம் மாறி மாறிக் குடியேறியது. கொஞ்சக் காலம் புலிகள் நடமாடும் சுந்தரவனத்தின் ஓரத்திலும் வாழ்ந்தது. டாரத்தியும் பீலிக்ஸும் இரத்தபேதியால் வாதிக்கப்பட்டார்கள். 1794இல் மால்டாவுக்கு வடக்கே மத்னாபதி என்ற இடத்தில் அவுரித் தொழிற்சாலை ஒன்றில் கேரிக்கு வேலை கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஐந்து வயதுப் பேதுரு மரித்துப்போனான். குழி வெட்டவும் சின்னப் பெட்டியைச் சுமக்கவும்கூட ஆள் கிடைப்பது அரிதாயிருந்தது.

அதன்பின் டாரத்தியின் மனம் உடைந்தது. கணவன் தனக்குத் துரோகம் செய்கிறான் என்ற மாறாத எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. தெருவில் பின்தொடர்ந்து கூச்சலிட்டார். கணவனைத் தாக்கவும் முயன்றார். அடுத்த அறையில் மனைவி அலற, கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிலை நீடித்தது. 1800ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி ஹூக்ளி நதியில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார். சேராம்பூர் ஊழியத்தின் முதற்கனி அவரே. அதே நதியில், அதே ஆராதனையில், பீலிக்ஸும் தன் தகப்பனின் கையால் ஞானஸ்நானம் பெற்றான். அந்த மகிழ்ச்சியின் நாளில் அவனுடைய தாய் பூட்டிய அறைக்குள் இருந்தார். 1807ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி அவர் மரித்தார்.

கேரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமல்ல. மனைவியைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடும்படி பிறர் கூறியபோதும் அவர் இசையவில்லை. கடைசிவரை தன் கூரையின்கீழேயே வைத்துக் காத்தார். அக்காலத்து விடுதிகளின் கொடுமையை அறிந்தவர்கள் இதைச் சிறிய காரியம் என்று எண்ணமாட்டார்கள். மனநோய்க்கு மருந்து ஏதும் இல்லாத காலம் அது. ஆனால் பிள்ளைகளின் காரியம் வேறு. 1799இல் வந்துசேர்ந்த மார்ஷ்மன் தம்பதியர் கண்டது, கட்டுப்படுத்துவார் இல்லாமல் வளர்ந்த நான்கு பையன்களை. தாய் நோயிலும் தகப்பன் வேலையிலும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அதட்டி, உணவூட்டி வளர்த்தவர் ஹன்னா மார்ஷ்மன். பீலிக்ஸைக் கிறிஸ்துவண்டை நடத்தியவர் அச்சுக்கூடத்தைக் கவனித்த வில்லியம் வார்ட். சேராம்பூரில் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். வருமானத்தையும் பொதுவில் வைத்தார்கள். 1801இல் கோட்டை வில்லியம் கல்லூரியில் கேரிக்குக் கிடைத்த மாதம் 500 ரூபாய்ச் சம்பளமும் பெரும்பாலும் அந்தப் பொதுப்பெட்டிக்கே சென்றது. அந்தப் பந்தி இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்னவாகியிருக்கும்? பிற்காலத்தில் மூவர் மிஷனெரிகளானார்கள். பீலிக்ஸ் பர்மாவுக்குச் சென்றான். 1814இல் ஐராவதி நதியில் படகு கவிழ்ந்து மனைவி பிள்ளைகளை இழந்தான். சிலகாலம் நிலையற்று அலைந்து, மறுபடியும் சேராம்பூருக்கு வந்து தகப்பனுக்குத் துணையாயிருந்தான்.

(ஓர் இடைக்குறிப்பு: சேராம்பூர் அக்காலத்தில் டேனிஷ் கொடியின் கீழ் இருந்தது. நம்முடைய தரங்கம்பாடியும் அவ்வாறே. 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கியதும் அதே அரசின் நிழலில்தான்.)

வேதத்திற்கு வருவோம். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை நிர்வாகப் பாடமாகவே நாம் பிரசங்கிக்கிறோம். எத்திரோ வந்தார், ஆயிரம்பேருக்கு அதிபதிகளையும் நூறுபேருக்கு அதிபதிகளையும் ஏற்படுத்தச் சொன்னார், மோசேயின் பாரம் குறைந்தது. நல்லது. ஆனால் அவர் எதற்காக வந்தார் என்று முதல் ஆறு வசனங்களை வாசித்துப் பாருங்கள். மோசே திருப்பி அனுப்பியிருந்த சிப்போராளையும், கெர்சோம் எலியேசர் என்னும் இரண்டு குமாரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த மறுநாளில்தான், காலைமுதல் சாயங்காலம்வரை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மருமகனை அவர் பார்க்கிறார். இப்படிச் செய்தால் நீ தொய்ந்துபோவாய் என்று அப்பொழுதுதான் எச்சரிக்கிறார். ஆலோசனை சொன்னவர் ஒரு மாமனார். மகளை அழைத்துவந்த கண்ணுக்குத்தான் அந்த வரிசை அவ்வளவு நீளமாகத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி நம்முடைய பட்டணத்து நிலவரம். திருநெல்வேலியிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ மும்பைக்கும் டெல்லிக்கும் சூரத்துக்கும் வந்த ஊழியரின் வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே அறை. அந்த அறையிலேயே புதன்கிழமை ஜெபக்கூட்டம். ஊரிலிருந்து வேலை தேடி வரும் தம்பிமார் தங்குவதும் அங்கேதான். போதகர் இரண்டு வாரம் ஒரிசாவிலோ மராத்வாடாவிலோ கிராம ஊழியத்துக்குப் போயிருக்கையில், தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பவரும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை இரவு ஆட்டோவில் தூக்கிச் செல்பவரும், ஞாயிறு காலை சிரித்த முகத்துடன் வாசலில் நின்று "ஸ்தோத்திரம்" சொல்லுபவரும் ஒரே ஆள். அவருக்கு மொழி தெரியாது. தாய்வீடு இரண்டு நாள் ரயில் தூரம். சபையில் எல்லாருடைய பாரமும் பாஸ்டரம்மாவின் காதுக்கு வரும். அவருடைய பாரம் யாருடைய காதுக்குப் போகும்? கணவனிடம் சொன்னால் ஊழியத்துக்குத் தடை. விசுவாசிகளிடம் சொன்னால் மறுவாரம் அது ஜெபக்குறிப்பாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் பெயர்பெற்ற கன்வென்ஷன் பிரசங்கியார். அந்தச் சகோதரி முதலில் பாட்டை நிறுத்தினார். பின்பு தூக்கம் நின்றது. பின்பு குளிப்பதும் சமைப்பதும் நின்றன. சபையார் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு ஊழியரை வரவழைத்துப் பிசாசைத் துரத்தினார்கள். தலைமுடியைப் பிடித்து உலுக்கவும் செய்தார்கள். வயதான ஒரு விதவைத் தாயார் மாத்திரம் பொறுக்கமாட்டாமல் எழுந்து, "ஐயா, அந்தப் பிள்ளைய விடுங்க. அது தூங்கி எத்தனை நாளாச்சுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார். மறுநாள் அவரே தன் மருமகளோடு அந்தச் சகோதரியை அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிச்சென்றார். சோர்வு நோய் என்று மருத்துவர் கூறி மருந்து கொடுத்தார். சுகம் வர எட்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அத்தனை மாதமும் அந்தத் தாயார் மதியச் சாப்பாடு கொண்டுபோனார்.

அசுத்த ஆவிகள் உண்டென்று வேதம் சொல்லுகிறது, நானும் விசுவாசிக்கிறேன். அதே சுவிசேஷம், மத்தேயு நான்காம் அதிகாரத்தின் இறுதியில், பிசாசு பிடித்தவர்களையும் நோயுற்றவர்களையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பிரித்தும் காட்டுகிறது. எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் அதட்டவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். டாரத்தி அம்மையாருக்கு இல்லாத மருந்தும் மருத்துவரும் நமக்கு இருக்கின்றன. மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை இரவும் பகலும் இயங்குகிறது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் தமிழில் பேச விரும்புவதாகத் தெரிவியுங்கள். ஜெபம்பண்ணிவிட்டு அழையுங்கள், அழைத்துவிட்டும் ஜெபம்பண்ணுங்கள். மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவு என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் சர்க்கரை நோய்க்கு என்ன செய்கிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஊழியத்திலிருக்கும் இளம் சகோதரருக்கும் ஒரு சொல். 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் பவுல், பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் மனைவியைக் கூட்டிக்கொண்டு பயணம் செய்ததை அதிகாரமாகவே குறிப்பிடுகிறார். ஆகவே கன்வென்ஷனுக்கு அழைக்கும் சபையிடம் இரண்டு டிக்கெட் கேட்பது பேராசை அல்ல. கூட்டிச்செல்ல இயலாதபோது, புறப்படும் தேதியை மாத்திரம் அறிவிக்காமல், போகலாமா என்று வீட்டில் கேளுங்கள். "வேண்டாங்க, இந்த மாசம் பிள்ளைக்குப் பரீட்சை" என்ற பதில் வந்தால், அதையும் கர்த்தருடைய வழிநடத்துதலுக்கான ஓர் அடையாளமாக எண்ணிப் பாருங்கள். கேரியின் காரியத்தில் சங்கம் கூடியது, தீர்மானம் போட்டது, பணம் திரட்டியது. டாரத்தியிடம் கடைசியில்தான் வந்தார்கள். வந்தபோதும் கேட்கவில்லை, வற்புறுத்தினார்கள்.

சபைக் கமிட்டியாருக்கு நான் சொல்லுவது இன்னும் சிறிய காரியம். வரும் ஆண்டின் கூட்டங்களுக்கும் கிராம ஊழியங்களுக்கும் தேதி குறிக்க நீங்கள் விரைவில் உட்காருவீர்கள். அன்று பாஸ்டரம்மாவையும் அழைத்து நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். தேநீர் கொண்டுவருவதற்காக அல்ல. போதகர் ஊரில் இல்லாத இரவுகளில் அந்த வீட்டுக்கு யார் துணை என்பதை, ஒலிபெருக்கிக் கணக்கு எழுதும் அதே நோட்டில், பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டு எழுதிவையுங்கள்.