சார்ஜ் போட யார் வீட்டுச் சுவர்?

டிவிஎஸ் ஐக்யூப் ஓசூரில் தயாராகிறது. ஏத்தரும் அங்கேதான். சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலா. பத்தாயிரம் பெண்களே நடத்தும் ஆலை என்று 2021-இல் அறிவித்தார்கள். இந்தியச் சாலைகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் கணிசமானவை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பூட்டப்பட்டவை. பூட்டும் கைகளில் நம் காலனிப் பிள்ளைகளின் கைகளும் உண்டு. அந்தப் பிள்ளையே தவணையில் ஒரு வண்டி எடுத்தால், இரவில் எங்கே சார்ஜ் போடுவது?

"வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். போய்வர 50. மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 2,500 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டிக்கு ஐம்பது லிட்டர், அதாவது சுமார் 5,000 ரூபாய். மின்சார வண்டிக்கு நூறு யூனிட்டுக்குள் அடங்கும். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். வண்டியே அதைக் குடித்துவிட்டாலும், மிச்ச வீட்டுச் செலவுக்குச் சில நூறு ரூபாய்தான் கூடும்.

இந்த லாபம் யாருக்கு? சொந்த மீட்டரும், எர்த் கொடுத்த சாக்கெட்டும், வண்டியை நிறுத்தக் கூரையுள்ள இடமும் இருப்பவருக்கு. வண்டி நுழையாத சந்தில் இருக்கிறது காலனி வீடு. தெருமுனையில் நிறுத்தி, ஓட்டின் மேலாக ஒயரை இழுத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியை மழையில் வைப்பது உயிரோடு விளையாடுவது. ஓசூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் மோசம். வீட்டுக்காரர் சாக்கெட் தரமாட்டார். தந்தாலும் யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை. (வாடகைக்கு வீடு கிடைக்கவே சாதி கேட்கும் ஊரில் பிளக் கேட்பது தனித் துணிச்சல்.)

ஆகவே வீடில்லாதவருக்கும் வீடு சிறுத்தவருக்கும்தான் பொது சார்ஜிங் தேவை. அரசின் அளவுகோலோ வேறு பக்கம் பார்க்கிறது. 2024 செப்டம்பரில் ஒன்றிய மின்துறை திருத்திய வழிகாட்டுதல், 2030-க்குள் நகரங்களில் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்கிறது. பெங்களூருவிலிருந்து சேலம் போகும் காருக்கு அது உதவும். அஞ்செட்டியிலிருந்து ஷிப்டுக்கு வருகிறவர் நெடுஞ்சாலையில் குடியிருக்கவில்லை. பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி, இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 சார்ஜர் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை தளி, கெலமங்கலம் பக்கம் வரும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

வந்தாலும் எங்கே வைப்பார்கள் என்பது அடுத்த சிக்கல். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். நூறாண்டு கடந்தும், மேல்நிலைத் தொட்டியும் ரேஷன் கடையும் ஊர்த் தெருவுக்குள் இருந்தால் நாம் தயங்கித்தான் போகிறோம். நம் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்த தெருக்கள் இவை. சார்ஜ் ஏற நான்கைந்து மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் நம் வண்டி அங்கே பத்திரமாக நிற்குமா?

பேருந்து நிலையம், அரசுப் பள்ளி வாசல், காலனிச் சமுதாயக்கூடம் ஆகியவை பொருத்தமான இடங்கள். பெரிய கருவியும் தேவையில்லை. ஏத்தர் உருவாக்கிய இணைப்பை இலகுரக வண்டிகளுக்கான தரமாக இந்திய தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஏற்றது. ஆனாலும் எல்லா நிறுவனங்களும் அதற்கு மாறிவிடவில்லை. பதினைந்து ஆம்பியர் மூன்று முனை சாக்கெட் நான்கு, மீட்டர், எர்த், ஒரு தகரக் கூரை போதும். கையோடு கொண்டுவரும் சார்ஜரை அதில் செருகலாம்.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை கூடுகிறது. கல்லூரி மாணவர்கள் மனுவை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். இடம் எது, சாவி யாரிடம், யூனிட்டுக்கு எவ்வளவு என்ற மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.