நட்டால் காடாகுமா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் வழியெங்கும் சவுக்குத் தோப்புகளைக் காண்பர். சற்றேறக்குறைய 15 கிலோமீட்டரில், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் முன்பு பரந்து கிடந்த வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. வீரையும் காயாவும் நெருங்கி வளர, தடித்த கொடிகள் அவற்றைப் பிணைத்துள்ளன. தோப்பைப் பார்த்த கண்ணோடு இக்காட்டுக்குள் நுழைபவர்க்கு இரண்டும் ஒன்றல்ல என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பேச்சுப்போட்டிகளில், ஒரு மரத்தை வெட்டினால் பத்து மரம் நடுவோம் என்னும் முழக்கத்திற்குக் கைதட்டல் தவறுவதில்லை. நடுவராக அமர்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ஐயமே மிஞ்சியது. காட்டில் விதையைப் பறவை கொண்டுவருகிறது. முளைத்த கன்று மூத்த மரத்தின் நிழலில் பல்லாண்டு காத்திருக்கிறது. அம்மரம் சாய்ந்தபின் கிடைக்கும் ஒளியில் எழுகிறது. மட்கிய இலை மழைநீரைப் பிடித்து வைக்கிறது. ஒரு பரப்பிலுள்ள மரங்கள் அனைத்தையும் ஒருசேர வெட்டி அகற்றும் முழுவெட்டு, இத்தொடர்ச்சியை அறுத்துவிடுகிறது. அவ்விடத்தில் ஒரே இனத்தை வரிசையாக நட்டால் கிடைப்பது தோட்டமே.

சட்டமும் இதை உணர்ந்துள்ளது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 1988இல் ஒரு கூறு சேர்க்கப்பட்டது. மீண்டும் மரம் வளர்ப்பதற்காகவே ஆயினும், இயற்கையாக வளர்ந்த மரங்களை அகற்ற நடுவணரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. எனினும் வெட்டு நிற்கவில்லை. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், நிலம் எவர்க்கு உரியதாயினும் 'காடு' என்பதற்கு அகராதிப் பொருளே கொள்ளப்படும் என்றது. மொழி கற்பிக்கும் எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

அவ்வாணையால், குறிப்பாக வடகிழக்கு மாநிலங்களில், மரத்தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. கதவுக்கும் தாளுக்கும் மரம் வேண்டும் என்பதும் உண்மையே. அதற்குத்தான் உழவர் நட்ட சவுக்கு இருக்கிறது. கரூர் மாவட்டம் புகழூர் ஆலையில் கரும்புச்சக்கையும் தாளாகிறது. உழவர் சவுக்கை நட்டார், சில ஆண்டுகளில் வெட்டினார், மீண்டும் நடுவார், அதில் குற்றமில்லை. காடு நாம் நட்டதன்று.

நட்டும் காடு உண்டாக்கலாமே, ஆரோவில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். 1968இல் அந்நகர் தொடங்கியபோது பெரிதும் செம்மண் பொட்டலாக இருந்த நிலத்தில் இன்று மரங்கள் அடர்ந்துள்ளன. அதற்குப் பல பத்தாண்டு உழைப்பு தேவைப்பட்டது. அங்கே இம்மண்ணுக்குரிய மரங்களை வளர்க்க முனைந்தவர்கள் விதை தேடிச் சென்றது, வெட்டுக்குத் தப்பிய இத்தகைய கோயிற்காடுகளுக்கே.