பெறாததைப் பெற்றதாக எழுதச் சொன்னவருக்கு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். பதிவுத் தபால் அனுப்பினோம். உங்கள் அலுவலக வராந்தாவில் காத்தும் கிடந்தோம். பதில் இல்லை, அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

உங்கள் அலுவலகம் நடத்திய புத்தகத் திருவிழாவில் கவியரங்கம். மேடைக்குப் பின்னால் ஓர் ஊழியர் தாளை நீட்டினார். ரெவின்யூ ஸ்டாம்ப் முன்பே ஒட்டியிருந்தது. மதிப்பூதியமும் பயணப்படியும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்தது. தொகைக் கட்டம் மட்டும் காலி. திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வந்திருந்த எழுபது வயதுக் கவிஞர், "பணம் எங்கேப்பா?" என்றார்.

"ஆடிட்டுக்கு சார். கையெழுத்து மட்டும் போடுங்க. பணம் அப்புறம் வரும்."

அவர் போடவில்லை. அவரைப் பார்த்து நானும் போடவில்லை. வாசிப்பு வரிசையில் அவர் பெயர் கடைசிக்குப் போனது. அவர் எழுந்தபோது ஒரு பிரமுகர் வந்துவிட்டார். நாலாவது வரியில் மைக்கை அணைத்தார்கள். பொன்னாடை மட்டும் தவறாமல் போர்த்தினார்கள்.

பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்கும் பணம் போய்விட்டதாம். நல்லது, உழைத்தவர்கள். கையெழுத்துப் போட்ட கவிஞர்களுக்கோ இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. கேட்டால், "கவிஞருக்கு மரியாதைதானே சார் பெரிசு?" என்கிறார்கள்.

தன்னை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்றவர் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். உங்கள் அலுவலகம் எங்களுக்கு அந்தத் தர்மசங்கடத்தையே வைக்கவில்லை. கண்ணாரக் கண்டார்கள், ஒன்றும் தரவில்லை.

கவிதை எங்களிடம் நிறையவே கேட்கிறது. தூக்கத்தைக் கேட்கிறது, வீட்டாரின் பொறுமையைக் கேட்கிறது, கைக்காசு போட்டுத் தொகுப்புக் கொண்டுவரச் சொல்கிறது. கொடுக்கிறோம், அதற்காக யாரிடமும் வந்து அழவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அது கேட்பது, பொய்யாக ஒரு வரி எழுதாதே என்பது. நீங்கள் கேட்டதோ அந்த ஒரு வரியைத்தான், ஸ்டாம்ப் ஒட்டி.

கவிஞர்களுக்கு அலுவலக நடைமுறை புரியாது என்றும் சொன்னார்களாம். ந. பிச்சமூர்த்தி அறநிலையத் துறையில் செயல் அலுவலராக இருந்தவர். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறை ஊழியராக இருந்தவர். வவுச்சர் என்றால் என்னவென்று தமிழ்க் கவிதைக்கு நன்றாகவே தெரியும் ஐயா.

அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். காலிக் கட்டத்தில் இப்போது என்ன தொகை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் அடுத்த ஆண்டு கவியரங்கத்துக்குக் கவிஞர்களைத் தேடி அலைய வேண்டாம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே போதும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாதவர்களில் ஒருவன்