பிக்கப் ஓட்டுபவருக்கு வேர்க்காதா?



இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்லது. ஆனால் மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டினால்தான். சின்ன பிக்கப்புக்கும், ஏற்கெனவே ஓடுகிற பழைய வண்டிக்கும் இல்லை. வெயில் எடை பார்த்தா அடிக்கிறது?

"ஏசி போட்டா டிரைவர் தூங்கிடுவான் சார்" என்கிறார்கள், வண்டி வைத்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர். முதலில் 'தூங்கிடுவார்' என்று சொல்லப் பழகுங்கள், உங்களைவிட மூத்தவர். தூக்கம் வருவது ஓய்வில்லாத ஓட்டத்தால். உங்கள் காரில் ஏசி போட்டுக்கொண்டு நீங்கள் தூங்குகிறீர்களா? சித்திரை மாதத்தில், சீட்டுக்கடியில் இன்ஜின் கொதிக்க, அவர் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மீனுக்கு ஐஸ், முன்னால் மனுஷனுக்கு அனல்!

கம்ப்ரசரை இன்ஜின்தான் சுற்ற வேண்டும், டீசல் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. தரையில் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டி, கதவு ரப்பரை மாற்றினால் சின்ன ஏசியே போதும்.

வரும் கோடைக்குள் யார் முதலில் மாட்டுகிறீர்கள்? கீழே எழுதுங்கள்.