கொற்றலைக்கு ஒரு நீரூற்று

எண்ணூரில், கொசத்தலை என வழங்கும் கொற்றலையாற்றுக்கு ஓர் உருவச்சிலையும் நீரூற்றும் அமைத்தல் நன்றென நண்பர் சிலர் கூறினர். கேட்டவுடன் யாமும் உவந்தோம். ஆற்றைப் பெண்ணாகக் காணுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரக் கானல்வரியிற் காவிரி நங்கையாகவே விளிக்கப்படுகின்றாள். சென்னையிலோ, விக்டோரியா மண்டப வளாகத்து நீரூற்றுக்குக் கவர்னர் டிரெவெலியன் பெயர். கொற்றலையைத் தடுத்து 1944-இல் முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தியார் பெயர். தகும். ஆயினும் ஆண்டாரையும் அணைக்கு உழைத்தாரையும் நினைந்த நாம் ஆற்றை நினைந்திலேம்.

ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரத்தார் நினைந்தனர். அங்கே துரியா ஆற்றுக்கு 1976-இல் ஒரு நீரூற்று எடுத்தனர். நடுவே சாய்ந்திருக்கும் ஆடவன் ஆறு; சூழக் குடமேந்திய எண்மர் மகளிர், அவ்வூர்க் கழனிகட்கு நீர் பாய்ச்சும் எட்டு வாய்க்கால்கள். வாய்க்காலுக்கும் வடிவு தந்தது எத்துணை அழகு! அருகிலுள்ள பேராலய வாயிலில், வியாழன்தோறும் நண்பகலில் உழவர்தம் நீர்மன்றம் கூடி, வாய்மொழியாகவே வழக்குத் தீர்க்கின்றது. இவற்றையெல்லாம் படித்து மகிழ்ந்த யாம் பின்னர் ஒன்றறிந்து திகைத்தோம். 1957-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்கு அஞ்சி, ஆற்றையே நகருக்குப் புறத்தே திருப்பிவிட்ட பின்னரன்றோ அச்சிலை எழுந்தது!

நிற்க. நம் கொற்றலையின் நிலை யாது? திருவள்ளூர் மாவட்டத்துக் கழனிகளை ஊட்டி, பூண்டியில் நகரத்தின் தாகத்திற்கெனத் தடுக்கப்பெற்று, எஞ்சியது எண்ணூர்க் கழிமுகத்தை அடைகின்றது. அங்கே அதனை எதிர்கொள்வது கடல் மட்டுமன்று. அனல்மின் நிலையத்துச் சாம்பற்குழம்பும் ஆகும். கழியின் ஆழம் குறைந்தது. இறாலும் நண்டும் அருகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படர, படகும் வலையும் கறுத்தன; கூழைக்கடாக்களின் வெண்சிறகும் கறுத்தது. உழவனுக்குச் சோறிட்ட ஆறு வலைஞனுக்கு இட்ட சோற்றில் நாம் மண்ணையன்று, சாம்பலையே போட்டோம்.

இந்நிலையில் நீரூற்று அமைப்பின், அதற்கு நீர் எங்கிருந்து வரும்? குழாயினின்று வரும், கோடையில் லாரியினின்று வரும். கொற்றலையினின்று வாராது. ஆற்றின் பெயரால் நிற்கும் சிலையின் குடத்தில் ஆற்றுநீர் இல்லையெனின் அஃது அணியோ, கேலியோ? "சிலையும் எழுக, தூய்மையும் நிகழ்க" என்பார்க்கு எம் விடை இதுவே: சிலை ஓராண்டில் எழும், திறப்புவிழாவில் மாலையும் விழும், அதன்பின் சாம்பலை அள்ளுவார் யார்?

ஆதலின் நண்பர்காள், தண்டற்பணம் முதற்கண் கழிமுகத்துச் சாம்பலை அகற்றக் கேட்கும் முறையீடுகட்கும், நீரை அளந்தறியும் ஆய்வுகட்கும் செல்க. காட்டுக்குப்பத்து வலைஞர் ஆற்றுநீரை அள்ளி, "இதனை ஊற்றலாம்" என்று சொல்லும் நாளிற் சிற்பியை அழைப்போம். அன்று நன்கொடைப் பட்டியலில் எம் பெயரை முதலில் எழுதுக.